தாத்தாவின் மடக்குக்கத்தி எந்த ஊர்? எந்த வருஷம்? பரணில் கிடக்கும் கத்தியைப் படிப்பது எப்படி?

பழைய தகரப்பெட்டியைத் திறந்தால் சில பொருள்கள் கட்டாயம் இருக்கும். பத்திரக் கட்டு, பழைய ரேஷன் கார்டு, நின்றுபோன கைக்கடிகாரம், ஒரு கால் உடைந்த மூக்குக்கண்ணாடி, அடியில் ஒரு மடக்குக்கத்தி. கடிகாரத்தை யாராவது ஆசைப்பட்டு வாங்கிக்கொள்வார்கள். பத்திரத்துக்குச் சண்டையே நடக்கும். கத்தியை மட்டும் யாரும் சீந்த மாட்டார்கள். "துருப்பிடிச்சுக் கிடக்கு, தூக்கிப் போடு" என்று ஒரு குரல் வரும். அதோடு பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போய்விடும்.

போடுவதற்கு முன் ஒரு பத்து நிமிஷம் அதைக் கையில் வைத்துப் பாருங்கள். யார் செய்தது, எந்த நாட்டில் செய்தது, ஏறக்குறைய எந்தக் காலம், என்ன வேலைக்காகச் செய்தது என்பதில் பாதியாவது அந்தக் கத்தியிலேயே எழுதியிருக்கும். எங்கள் குடும்பத்துக் கத்தி ஒன்று, தாத்தாவைப் பற்றி மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்த கதையையே மாற்றிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கத்தி.

தேய்க்காதீர்கள்!

கத்தி கிடைத்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, அதைப் பளபளப்பாக்குவது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். புளித்தண்ணீரில் ஊறவைப்பார்கள். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பார்கள். மூன்றுமே வேண்டாம். கத்தியை அடையாளம் காட்டும் முத்திரை, இரும்பின்மேல் மிகக் குறைந்த ஆழத்துக்குத்தான் பதிந்திருக்கும். ஏற்கெனவே பல வருஷம் சட்டைப்பையிலும் இடுப்பிலும் உரசித் தேய்ந்த எழுத்து அது. நாலு இழுப்பு உப்புத்தாள் போதும், அதன்பிறகு அது எந்த ஊர்க் கத்தி என்று யாராலும் சொல்ல முடியாது.

திறக்கவில்லையா? குறடு போட்டு இழுக்காதீர்கள். அலகு பிடியோடு சேரும் மூட்டில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். மறுநாள், அலகின் மேல்பக்கம் பிறைபோல் இருக்கும் சின்னப் பள்ளத்தில் நகம் வைத்து மெதுவாக இழுங்கள். பழைய கத்திகளின் முதுகில் இருக்கும் வில் தகடு பொல்லாதது. பாதி திறந்த நிலையில் கை நழுவினால் 'டப்'பென்று மூடிக்கொள்ளும். கூர் போகும் வழியில் விரல் இருக்கக் கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

திறந்ததும் பார்க்க வேண்டிய இடம், அலகு பிடிக்குள் நுழையும் அடிப்பகுதி. கூர் தொடங்குவதற்கு முன்னால் விரல்நகம் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம் இருக்கும். செய்தவரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட அலகுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் பாருங்கள். ஒன்றில் பெயரும் இன்னொன்றில் ஊரும் இருப்பது சகஜம்.

எழுத்து தெரியவில்லையென்றால் உங்கள் கையில் இருக்கும் போன் போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைக் கத்திக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அதைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கொஞ்சம் டால்கம் பவுடரைத் தடவி மெல்லத் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். சின்ன வயதில் காசின்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுத்தோமே, அதுவும் இங்கே வேலை செய்யும்.

நட்சத்திரமும் சிலுவையும்

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வெளிநாட்டுப் பேனாக்கத்தி கிடைத்தால், அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் செய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கத்தி, கத்தரி, சவரக்கத்தி செய்வதையே பிழைப்பாகக் கொண்ட ஊர் அது. அந்த வட்டாரத்துக் கத்திக்காரர்களின் தொழிற்சங்கத்தை 1624-லேயே பார்லிமென்ட் சட்டம் போட்டு ஏற்படுத்தியிருக்கிறார்கள். யாருக்கு எந்த முத்திரை என்று பதிவு செய்துவைப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஒருவர் முத்திரையை இன்னொருவர் போட முடியாது. நூறு வருஷம் கழித்து நாம் ஒரு கத்தியை அடையாளம் காண முடிவதற்கு அந்தப் பதிவேடுகளும் ஒரு காரணம்.

அந்த ஊரின் பெரிய பெயர், ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ். எட்டு முனைகள் கொண்ட மால்டா சிலுவையும், பக்கத்தில் ஒரு நட்சத்திரமும்தான் அவர்களின் முத்திரை. 1764-ல் பதிவானது. 1822-ல் இங்கிலாந்து மன்னருக்குக் கத்தி செய்துகொடுப்பவர்கள் என்ற அந்தஸ்து கிடைத்தது. 1851-ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்காக 75 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து வைத்தார்கள் என்றால் அவர்களின் பெருமிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கத்தியை யாரும் பாக்கெட்டில் வைத்திருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ராஜ அந்தஸ்து கிடைத்ததால் நமக்கு ஒரு வசதி. பல ராட்ஜர்ஸ் கத்திகளில் கிரீடமும், அதன் இரண்டு பக்கமும் ஆளுகிற அரசரின் எழுத்துகளும் இருக்கும். 'வி', 'ஆர்' என்று இருந்தால் விக்டோரியா மகாராணி காலம். அதாவது 1837-லிருந்து 1901-க்குள். 'ஈ', 'ஆர்' என்றால் ஏழாம் எட்வர்ட், 1901 முதல் 1910 வரை. 'ஜி', 'ஆர்' என்றால் ஜார்ஜ். சிக்கலே அங்கேதான். 1830 வரை ஆண்டவர் நான்காம் ஜார்ஜ். 1910-க்குப் பிறகு ஐந்தாம் ஜார்ஜ், அப்புறம் 1952 வரை ஆறாம் ஜார்ஜ். எந்த ஜார்ஜ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு இன்னொரு சொல்லைத் தேட வேண்டும். 'இங்கிலாந்து' என்ற நாட்டுப் பெயர் முத்திரையில் இருக்கிறதா?

இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற கெடுபிடி 1880-களின் கடைசியில்தான் இறுகியது. பிரிட்டனில் 1887-லும், இங்கே பிரிட்டிஷ் இந்தியாவில் 1889-லும் சரக்கு முத்திரைச் சட்டங்கள் வந்தன. அமெரிக்காவின் 1890-ம் வருஷத்துச் சுங்கச் சட்டம் இதை இன்னும் கட்டாயமாக்கியது. ஆகவே 'ஷெஃபீல்டு' என்று மட்டும் இருந்தால் கத்தி அதற்கு முந்தையதாக இருக்கலாம். 'ஷெஃபீல்டு, இங்கிலாந்து' என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. 'ஜி', 'ஆர்' எழுத்தோடு இங்கிலாந்தும் இருந்தால் அது 1910-க்குப் பிறகு வந்த ஜார்ஜ்தான் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிடலாம். 'கிட்டத்தட்ட' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பழைய அச்சையே தொடர்ந்து போட்ட பட்டறைகளும் உண்டு.

பெயர்பெற்ற முத்திரை என்றால் போலியும் கூடவே வரும். ராட்ஜர்ஸ் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றியோ, சிலுவைக்குப் பதில் அதேபோன்ற ஒரு பூவைப் போட்டோ விற்ற கத்திகள் உண்டு. எழுத்துக் கோணலாக இருக்கிறதா, அலகு பிடிக்குள் நேராகப் போய் உட்காருகிறதா, பிடியின் முனையிலுள்ள உலோகப் பூணுக்கும் பிடிக்கும் இடையில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பட்டறைக் கத்தியில் அந்த இணைப்பு விரலுக்கே தட்டாது.

மற்ற நாட்டுச் சொற்களும் காலம் காட்டும். 'ஸோலிங்கன்' என்றால் ஜெர்மனியின் கத்தி ஊர். ஜெர்மனியில் 1938-ல் வந்த சட்டத்தின்படி அந்த ஊர் வட்டாரத்தில் செய்த பொருளுக்குத்தான் அந்தப் பெயரைப் போடலாம். இரட்டைப் பிள்ளைகள் கைகோத்து நிற்கும் முத்திரை இருந்தால் அது ஸோலிங்கனின் ஹெங்கெல்ஸ். 1731-ல் பதிவான முத்திரை, இன்றைக்கும் ஓடுகிறது. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கு முன்னால் செய்திருக்கவே முடியாது. அப்படி ஒரு நாடே அதற்கு முன் இல்லை. 'ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பானில் செய்தது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் போருக்குப் பிந்தைய சில வருஷங்கள், 1952-க்குள்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மரப்பிடி போட்ட, அலகில் கிரீடமும் ஒரு கையும் பொறித்த கத்தி இருந்தால் அது பிரான்ஸின் ஒப்பினெல். பிடியும் அலகும் சேரும் இடத்தில் திருகிப் பூட்டும் உலோக வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வளையம் 1955-ல்தான் வந்தது. நடுத்தர அளவுக் கத்தியில் அது இல்லையென்றால், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போவதற்கு முன்னால் செய்ததாக இருக்கலாம்.

காந்தம் வைத்துப் பார்க்கலாமா?

நம் வீடுகளில் எவர்சில்வரைச் சோதிக்கக் காந்தம் வைப்பார்கள். கத்தியில் அது பலிக்காது. கூர் நிற்க வேண்டும் என்பதற்காகக் கத்திக்குப் போடும் துருப்பிடிக்காத எஃகு வேறு வகை. அதிலும் காந்தம் ஒட்டும்.

அதைவிட நிறத்தைப் பாருங்கள். மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கி நறுக்கி அலகு சாம்பலும் நீலமுமாகக் கறுத்திருந்தால் அது பழைய கார்பன் எஃகு. அந்தக் கறுப்பு அழுக்கு கிடையாது. துருவிலிருந்து இரும்பை ஓரளவு காப்பாற்றும் மெல்லிய படலம் அது. சுரண்டாதீர்கள். செங்கல் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்வதுதான் துரு. மாறாக அலகு வெள்ளையாகவே இருந்து, அதில் 'ஸ்டெயின்லெஸ்' என்றோ ஜெர்மன் மொழியில் 'ரோஸ்ட்ஃப்ரை' என்றோ எழுதியிருந்தால், முதல் உலகப் போருக்கு முன் செய்ததாக இருக்காது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியதே 1913-ல்தான்.

பிடியைப் பாருங்கள், இதில் சட்டமும் இருக்கிறது

பிடி எதனால் செய்தது என்பது அழகு சமாச்சாரம் மட்டும் கிடையாது. இதில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கறுப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் லேசாகத் தேன்நிறம் தெரிந்தால் எருமைக்கொம்பு. வெளிறிய நிறத்தில், மேற்பரப்பில் ஊசிமுனை அளவு கரும்புள்ளிகளும் குட்டிக் கோடுகளும் இருந்தால் மாட்டெலும்பு. வானவில்போல் மின்னினால் சிப்பி. மரப்பட்டைபோல் சொரசொரவென்று பழுப்பும் வெள்ளையுமாக இருந்தால் மான் கொம்பு.

இந்த மான் கொம்பு ஒரு வேடிக்கையான பயணம் போயிருக்கிறது. ஷெஃபீல்டு பட்டறைகள் பிடிக்காக விரும்பி வாங்கியது இந்தியாவின் கடமான் கொம்பைத்தான். இங்கே காட்டில் பொறுக்கிய கொம்பு கப்பலேறிப் போய், அங்கே அறுபட்டு, கத்திப் பிடியாகித் திரும்ப இதே ஊருக்கு விலைக்கு வந்திருக்கிறது.

யானைத் தந்தமும் அப்படித்தான். ராட்ஜர்ஸ் டன் கணக்கில் தந்தம் வாங்கிய நிறுவனம். தந்தத்தைக் கண்டுபிடிக்க, பிடியின் குறுக்கே வெட்டிய முனையை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மெல்லிய வளைகோடுகள் வலைபோலத் தெரிந்தால் தந்தம். நீளவாக்கில் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரே சீரான கோடுகள் மட்டும் தெரிந்தால் அது தந்தம்போலவே செய்த செல்லுலாய்டு. விரலால் சூடுபறக்கத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். சிலர் ஊசியைக் காய்ச்சி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும் பொருள். அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

இனி சட்டம். 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தந்தத்தை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. மான் கொம்புப் பொருளையும் அனுமதியில்லாமல் விற்கக் கூடாது. 'எங்க தாத்தா காலத்துக் கத்திதானே' என்று ஆன்லைனில் போட்டோ போட்டு விலை கேட்பவர்கள் தங்களுக்குத் தாங்களே வழக்கைத் தேடிக்கொள்கிறார்கள். பாரம்பரியமாக வருவதைச் சட்டம் தனியாகப் பார்க்கிறது. இப்படிப் பாதுகாக்கப்பட்ட விலங்கின் பாகத்தால் ஆன பொருள் வாரிசு வழியில் வந்தால், வந்த 90 நாள்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. தந்தப் பிடி என்று சந்தேகம் வந்தால் முதல் வேலையாக உங்கள் பகுதி வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். யாருக்கும் பரிசாகக்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தக் கத்தி என்ன வேலை பார்த்தது?

முத்திரை முழுக்க அழிந்துபோன கத்திக்கும் வழி இருக்கிறது. அலகின் வடிவத்தைப் பாருங்கள்.

பேனாக்கத்தி என்ற பெயரே ஒரு வேலையின் பெயர். இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த சின்ன அலகு. பிற்பாடு பென்சில் சீவியது, கடிதம் பிரித்தது, வெற்றிலைக் காம்பு கிள்ளியது. குமாஸ்தா, வாத்தியார், கணக்குப்பிள்ளை வீடுகளில் இது கிடைக்கும். அலகு கிளிமூக்குபோல் உள்பக்கம் வளைந்திருந்தால் கிளை கழிக்கும் தோட்டக்கத்தி. பிடியின் மறுமுனையில் எலும்பாலோ பித்தளையாலோ ஒரு தட்டையான நாக்கு நீட்டியிருந்தால் ஒட்டுக் கட்டும் கத்தி. மரப்பட்டையை நெகிழ்த்தி மொட்டைச் செருகுவதற்கு அந்த நாக்கு. நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரி பக்கம் எஸ்டேட்டிலும் தோட்டத்திலும் வேலை பார்த்தவர்கள் வீட்டில் தேடிப் பாருங்கள். உறையிலிருந்து பெரிய அலகு 'கிளிக்'கென்று நீண்டு பூட்டிக்கொண்டால் அது உத்தரப்பிரதேசத்து ராம்பூர் பாணி. பழைய இந்திப் படங்களில் வில்லன்கள் நீட்டும் 'ராம்புரி' அதுதான்.

அலகோடு ஊசிபோல் ஒரு கூர்முனையும் மடங்கி இருந்தால் கவனம். அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, மடக்கெழுத்தாணி. ஓலையில் எழுத எழுத்தாணியும், ஓலையைச் சீர்செய்யக் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கும் நம் ஊர்ச் சாமான். முள் மெல்லியதாக, எழுதும் முனையோடு இருக்கும். வீட்டில் ஓலைச்சுவடி இருந்ததா, ஜோசியமோ வைத்தியமோ பார்த்தார்களா என்று விசாரியுங்கள். கிடைத்தது அதுவென்றால், நான் இதுவரை சொன்ன சீமைக் கத்திகளைவிட அதைத்தான் முதலில் பத்திரப்படுத்தச் சொல்வேன்.

இன்னொன்று, பட்டாளத்துக் கத்தி. முள் தடியாக, விரல் நீளத்துக்கு இருக்கும். கயிற்று முடிச்சை நெகிழ்த்துவதற்கு. கூடவே டப்பா திறக்கும் நாக்கு, முனை மழுங்கிய பட்டையான அலகு, கயிறு கோத்து மாட்ட ஒரு வளையம். பிடி கறுப்பாக, கட்டம் கட்டமாகக் கீறியிருக்கும். அலகின் அடியில் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேரும் அம்புக்குறியைத் தேடுங்கள். பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம் அது. இந்திய அரசின் பொருள்களில் அம்போடு 'ஐ' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். பல கத்திகளில் வருஷத்தையும் பொறித்திருப்பார்கள். அரசர்களைக் கணக்குப் போட்டுத் தேட வேண்டிய வேலையே இல்லை.

எங்கள் வீட்டில் இருந்தது இந்த வகைதான்.

1943

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா அந்தக் கத்தியால் சொட்டுநீர்க் குழாய் அறுத்துக்கொண்டிருந்தார். தாத்தாவுடையது. அவர் கல்யாணத்துக்கு முன்பு அசாமில் பாலம் கட்டும் காண்ட்ராக்ட் வேலைக்குப் போயிருந்தார், அங்கே ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பது குடும்பக் கதை. திரும்பி வந்தவர் சொந்த ஊருக்குப் போகாமல் ஆயாவின் ஊரிலேயே தங்கிவிட்டார். கையில் ஒன்றும் இல்லாததால் வீட்டோடு மாப்பிள்ளை ஆனார் என்று உறவில் இன்றைக்கும் ஒரு கேலி உண்டு.

டார்ச்சைப் படுக்கவைத்துப் பிடித்தபோது அம்பு தெரிந்தது. கீழே 1943. செய்தவரின் பெயர் தேய்ந்துபோயிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை வைத்து மட்டும் யாரையும் பட்டாளத்துக்காரர் ஆக்கிவிட முடியாது. போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய சாமான்கள் ஏலத்துக்கு வந்து சந்தையெங்கும் கிடைத்தன. பழைய பொருளுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் போன்ற இடங்களில் யார் வேண்டுமானாலும் ஒன்றை வாங்கியிருக்கலாம். முத்திரை சொல்வது கத்தி பிறந்த வருஷத்தை. அது தாத்தா கைக்கு எப்படி வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

சாட்சி அதே தகரப்பெட்டியில் இருந்தது. நிலப் பத்திரங்களுக்கு நடுவில், நாலாக மடித்துப் பழுத்துப்போன ஆங்கிலத் தாள். 1946-ல் கொடுத்த விடுவிப்புச் சான்று. படைப்பிரிவு: மெட்ராஸ் சாப்பர்ஸ். அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை. பர்மா போர்முனையில் சாலை போட்டதும் பாலம் கட்டியதும் இப்படிப்பட்ட படைகள்தான். 'பாலம் கட்டப் போனார்' என்பது பொய் கிடையாது. பாதி உண்மை.

பெரியப்பா தாளைக் கொண்டுபோய் ஆயாவிடம் காட்டினார். "உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியும். சொல்ல வேணாம்னாரு. நான் சொல்லலை."

அதற்குமேல் அன்றைக்கு ஆயா பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவராகவே சொன்னது இவ்வளவுதான்: தாத்தாவோடு அவர் ஊரிலிருந்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. அந்த இரண்டு பேரின் அம்மாக்களும் தாத்தாவின் தெருவிலேயே இருந்தார்கள். வந்த புதிதில் ஒருமுறை போய்விட்டு வந்தவர், அப்புறம் அந்தத் தெருவுக்குள் போகவேயில்லை.

வீட்டோடு மாப்பிள்ளை என்ற கேலியை நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை.

ஆயாவுக்கு அந்த இரண்டு பெயர்களும் இன்னும் நினைவிருக்கின்றன. போரில் இறந்து கல்லறைகூட இல்லாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் மியான்மரில் யாங்கோனுக்கு வெளியே தவுக்யான் போர்க் கல்லறையிலுள்ள ரங்கூன் நினைவகத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர், படைப்பிரிவு போட்டுக் காசில்லாமல் தேடலாம். ஒரே பெயரில் பலர் வருகிறார்கள். ஊர்ப் பெயரையும் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். தேடிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். பழைய வட ஆற்காடு ஊர்களிலிருந்து போனவர்கள் கணிசம். உங்கள் வீட்டுக் கத்தியிலும் அம்புக்குறி இருந்தால், அடுத்து தேட வேண்டியது தாள்தான்: விடுவிப்புச் சான்று, பதக்கம் வந்த அட்டைப்பெட்டி, சிப்பாய் எண் எழுதிய எதுவானாலும் சரி. எண் கிடைத்துவிட்டால் விசாரிக்க இடம் உண்டு. சாப்பர்களுக்குத் தலைமையிடம் பெங்களூருவிலும், மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டனிலும் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகலாம்.

விலை எவ்வளவு போகும்?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கோடீஸ்வரர் ஆகும் கனவு வேண்டாம். ராட்ஜர்ஸும் மற்றவர்களும் லட்சக்கணக்கில் செய்து தள்ளிய சாதாரணக் கத்திகள்தான் பெரும்பாலும் நம் வீடுகளில் இருப்பவை. அலகு தேய்ந்து மெலிந்திருந்தால், பிடி வெடித்திருந்தால் சேகரிப்பாளர்கள் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்கள். யாராவது 'பழைய கத்திக்குப் பல லட்சம் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்' என்றால், பழைய நாணயம், பழைய ரூபாய் நோட்டு மோசடியின் அதே பாட்டுதான் அது. போனை வைத்துவிடுங்கள்.

வைத்திருப்பதென்றால் சரியாக வையுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம். கொம்பும் எலும்பும் ஊறி வெடிக்கும். உள்ளே இருக்கும் தூசியைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிட்டு, அலகின்மேல் தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். சமையல் எண்ணெய் நாள்படப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். செல்லுலாய்டுப் பிடி என்றால் மற்றக் கத்திகளிலிருந்து தள்ளி, காற்றோட்டமாக வையுங்கள். பழசாகும்போது அதிலிருந்து கசியும் அமில வாயு பக்கத்திலிருக்கும் இரும்பையும் அரித்துவிடும். ஒரு துண்டுத் தாளில் யாருடைய கத்தி, எந்த ஊர், என்ன முத்திரை, யார் சொன்ன தகவல் என்று எழுதிக் கூடவே போடுங்கள். பேரப்பிள்ளைகள் டார்ச் பிடிக்கும்போது உதவும்.

வீட்டில் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமா என்று சிலர் பயப்படுகிறார்கள். ஆயுத விதிகள் அலகின் நீளம் 9 அங்குலத்தையோ அகலம் 2 அங்குலத்தையோ தாண்டும் கத்திகளைப் பற்றித்தான் பேசுகின்றன. அதிலும் வீட்டு வேலை, விவசாய வேலைக்கானவை வராது. சட்டைப்பைக் கத்தி அந்த அளவுக்கு எங்கே வரப்போகிறது? ஆனால், ஊரிலிருந்து எடுத்து வரும்போது விமானத்தில் கைப்பையில் வைத்துவிடாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொண்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். செக்-இன் பெட்டியில், துணிக்கு நடுவில், மடக்கிய நிலையில் வையுங்கள்.